இயல் 4: எந்த வில்லைக் கையில் எடுப்பது?

வில் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "சார், நல்ல வில் ஒன்னு என்ன விலை வரும்?" கைப்பேசியில் ஒலிம்பிக் போட்டியைப் பார்த்திருப்பார்கள். குறிபார்க்கும் கருவி, முன்னால் நீண்டு நிற்கும் கம்பிகள், பளபளக்கும் உலோகப் பிடி எல்லாம் சேர்ந்ததுதான் வில் என்று மனத்தில் பதிந்திருக்கும். நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்தாலும் பக்கத்துப் புதூர்நாடு, புங்கம்பட்டுநாட்டிலிருந்து வந்தாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். முதல் வில்லை வாங்காதே, செய். மூங்கிலில் செய்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக் குழு வில் பழகத் தொடங்கினால், ஓர் ஆண்டு கழித்தும் அந்தக் குழு பழகிக்கொண்டிருக்க வேண்டும். எந்த வில் அதற்கு உதவும் என்பதுதான் இந்த இயலின் கேள்வி. பல ஆண்டுகள் இரண்டு வகையையும் கையாண்ட பிறகு எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

முதலில் வகைகளைத் தெரிந்துகொள்வோம். ஒலிம்பிக்கில் பார்ப்பது ரிகர்வ் வில். பிடிக்கு மேலும் கீழும் நீளும் இரண்டு கைகளின் நுனி வெளிப்பக்கமாக மறுபடி வளைந்திருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பிடி உலோகம், கைகள் கண்ணாடி இழையும் கார்பனும். 70 மீட்டர் தூரத்தில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு வைத்திருப்பார்கள். அதன் நடுவே பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், ஒரு சிறிய தேநீர்த் தட்டின் அளவு. அதில் அடுத்தடுத்து அம்பை இறக்க வேண்டுமானால் அந்தக் கருவிகள் எல்லாம் தேவைதான்.

இரண்டாவது காம்பவுண்ட். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவருக்கு 1969இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டு நுனியிலும் உருளைகள், அவற்றைச் சுற்றிக் கம்பிவடங்கள். இழுக்க ஆரம்பிக்கும்போது முழு விசையும் தெரியும். கடைசி வரை இழுத்ததும் உருளை திரும்பி, விசையில் முக்கால் பங்கு வரை குறைந்துவிடும். 50 பவுண்டு வில்லை இழுத்துப் பிடித்து நிற்கும்போது கையில் 12, 13 பவுண்டுதான் இருக்கும். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

மூன்றாவது மூங்கில் வில். ஒரே கழி, ஒரு நாண், வேறொன்றும் இல்லை. குறிபார்க்கும் கருவி கிடையாது, அம்பு உட்காரத் தட்டும் கிடையாது. உங்கள் கைமுட்டியின் மேல்தான் அம்பு உட்காரும்.

ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்காக ரிகர்வ் வில் இரண்டு வாங்கி வைத்திருந்தோம், பயிற்சிக்கான சாதாரண வகை. அடைமழை. ஒன்றில் நாண் நைந்து அறுந்தது. மற்றொன்றில் ஒரு கை முறுக்கிக்கொண்டது, யாரோ நாணேற்றியபடியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டிருந்தார்கள். சென்னையில் வாங்கிய கடைக்குத் தொலைபேசியில் சொன்னோம். பொருள் வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. வந்த நாணோ நீளம் பொருந்தவில்லை. பதினான்கு பிள்ளைகள் மாலைதோறும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். நாலாவது வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கருவி மோசமானது என்று சொல்லவில்லை. மலையிலிருந்து அதைப் பழுதுபார்க்க முடியாது, அதுதான் சங்கதி. நாண் அறுந்தால் நாமே முறுக்கிக்கொள்ள வேண்டும், கை ஒடிந்தால் அடுத்த வாரம் வேறொரு வில் சீவி முடித்திருக்க வேண்டும். போட்டித் தரத்தில் ஒரு ரிகர்வ் தொகுதி வாங்க லட்சக்கணக்கில் செலவாகும். அதுவும் ஒருவருடைய கைநீளத்துக்கும் பலத்துக்கும் பொருத்தி அமைத்தது. காம்பவுண்டில் இழுப்பு நீளமே உருளையில் பூட்டப்பட்டிருக்கும், அதை மாற்றியமைக்காமல் அண்ணன் இழுத்ததைத் தம்பி இழுக்க முடியாது. மூங்கிலில் ஒருவரது பலத்துக்கு ஏற்ப ஒன்று என்று ஆறு வில் செய்தாலும் செலவு இரண்டு மூன்று நாள் உழைப்புதான்.

விசை விஷயத்தில் மூங்கில் வில் பின்தங்கியதுதான், மறைக்கத் தேவையில்லை. நல்ல காம்பவுண்டிலிருந்து கிளம்பும் அம்பின் வேகத்தில் பாதியைத்தான் அது தரும். 70 மீட்டரில் ரிகர்வோடு போட்டி போட முடியாது. ஆனால் 30 மீட்டருக்குள், பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை உள்ளவர்கள் உடம்பால் கற்க வேண்டிய எல்லாவற்றையும் அது கற்றுக்கொடுத்துவிடும். நிற்பது, தோளை இறக்கி வைப்பது, முதுகுத் தசையால் இழுப்பது, விரலை விடுவிப்பது. குறிபார்க்கும் கருவி இல்லாததால் தப்பை மறைக்க இடமில்லை. இடது தோள் சற்று ஏறினாலும் அம்பு சொல்லிவிடும்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ராஜஸ்தானைப் பாருங்கள். உதய்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லோடு காட்டில் வளர்ந்த பையன். இந்திய விளையாட்டு ஆணையம் 1987இல் நடத்திய தேர்வில்தான் அவர் வெளியே தெரிந்தார். அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைச் சாம்பியன்ஷிப்பில் உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வாங்கினார். 2012இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ராஞ்சிக்கு அருகே ராத்து சட்டியில் வளர்ந்த தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் தொடங்கினார். இருவரும் பிறகு நவீன வில்லுக்கு மாறினார்கள், மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் கை பழகியது மூங்கிலில்.

நம் பக்கத்து மலையையும் மறக்கக் கூடாது. கொல்லிமலையை ஆண்ட ஓரியை வல்வில் ஓரி என்றே சங்கப் பாட்டு அழைக்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் வருகிறது. ஐந்தையும் துளைக்குமா என்பதைப் புலவரிடம் விட்டுவிடுவோம். ஆனால் ஆண்டுதோறும் ஆடி மாதம் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது, செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அங்கே இருப்பவர்களும் நம்மைப் போல மலையாளிப் பழங்குடியினர். ஜவ்வாது மலையின் அடிவாரத்திலோ செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவர்களின் கையில் வாளும் வில்லும் செதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை அந்தக் கல்வெட்டுகளைச் 'செங்கம் நடுகற்கள்' என்று 1972இல் நூலாகவே வெளியிட்டது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போய் அந்தக் கற்களில் ஒன்றைக் காட்டுங்கள். வில்லின் வளைவை விரலால் தடவிப் பார்க்கட்டும்.

*மூங்கில் யாருக்குப் பொருந்தாது*

எல்லோருக்கும் மூங்கில்தான் என்று அடம் பிடிக்கவும் கூடாது. பதினாலு பதினைந்து வயதில், ஓர் ஆண்டு மூங்கிலில் பழகிய பிறகும் ஒலிம்பிக் என்ற கனவு கண்ணில் எரிகிற பிள்ளை இருந்தால் தாமதிக்காமல் ரிகர்வுக்கு அனுப்புங்கள். ஒலிம்பிக்கில் மூங்கில் வில்லுக்கு இடம் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. அந்தப் பிள்ளையைச் சரியான பயிற்சியாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை.

தோளில் அடிபட்டவர்கள், நீண்ட நேரம் முழு விசையைப் பிடித்து நிற்க முடியாதவர்கள், இவர்களுக்குக் காம்பவுண்டு பெரிய வரம். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதியைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். காம்பவுண்டு இல்லாமல் அது நடந்திருக்காது. உங்கள் ஊரில் ஊனமுற்ற பிள்ளை ஒன்று வில்லைத் தொட விரும்பினால், மூங்கில்தான் மரபு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மூங்கிலிலேயே போட்டிக்குப் போக முடியுமா என்றால், முடியும். இந்திய வில்வித்தைச் சங்கம் நடத்தும் தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் வில், மர அம்பு, 30 மீட்டரும் 50 மீட்டரும். பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டிகளிலும் இதே பிரிவு உண்டு. மலைப் பிள்ளை மலையில் செய்த வில்லோடு போய் நிற்கக்கூடிய இடம் அது. பூட்டானில் வில்வித்தை தேசிய விளையாட்டு. ஏறத்தாழ 140 மீட்டருக்கு அப்பால் சின்னப் பலகையை வைத்து அடிப்பார்கள். காம்பவுண்டு அங்கே புகுந்த பிறகும் மூங்கில் வில்லுக்கென்று தனிப் போட்டிகளை விடாமல் நடத்துகிறார்கள். இரண்டையும் ஒரே களத்தில் கலந்து நிறுத்தாதது புத்திசாலித்தனம். நம் போட்டிகளிலும் அப்படியே செய்ய வேண்டும்.

*கழியைத் தேர்வது*

நம் மலையில் கிடைக்கும் கல்மூங்கில் இதற்கென்றே வளர்ந்தது போல இருக்கும். உள்ளே துளை மிகச் சிறியது, சுவர் தடிமன். இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் விட்டமுள்ள கழி போதும், நெடுக்குவாட்டில் பிளந்தால் இரண்டு வில். வயது மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. இளங்கழியின் மேல் வெண்மாவு பூசியது போலிருக்கும், கணுவில் பாளை ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றிய கழியில் அதெல்லாம் உதிர்ந்து, அங்கங்கே பாசித்திட்டு படர்ந்திருக்கும், தட்டினால் கணீரென்று ஓசை வரும்.

எங்கே வெட்டுவது என்பதில் கவனமாக இருங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கொடுவாளை வைக்கக் கூடாது. காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்ந்த மூங்கில் இப்போது சட்டப்படி மரம் அல்ல. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மூங்கில் சிறு வனப்பொருளாகவும் சேர்ந்திருக்கிறது. உங்கள் கிராமசபைக்கு அந்த உரிமை அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று ஊர்க் கவுண்டரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறந்த வழி, கொல்லை ஓரத்தில் ஒரு புதர் நட்டுவிடுவதுதான்.

மழைக்காலம் முடிந்து, தை மாதவாக்கில் வெட்டுவது நல்லது. அப்போது கழியில் மாவுச்சத்து குறைந்திருக்கும், வண்டு துளைக்காது. தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் வெட்டுகிறேன். வெட்டிய கழியை வெயிலில் போடாதீர்கள், வெடித்துவிடும். பிளந்து, நிழலில் மூன்று மாதம் காயட்டும். அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைத்தால் இன்னும் நல்லது. புகை ஏறிய மூங்கிலைப் பூச்சி தொடாது.

*சீவுவது*

வில் செய்வதில் பாதி வேலை பொறுமைதான். மூங்கிலின் பலம் முழுவதும் அதன் வெளித்தோலுக்கு அடியில் இருக்கிறது. நார்கள் அங்கேதான் நெருக்கமாக ஓடுகின்றன. அந்தப் பக்கம் இலக்கை நோக்கி இருக்க வேண்டும், அந்தப் பக்கத்தில் கத்தி படவே கூடாது. சீவுவதெல்லாம் உள்பக்கம், நம்மைப் பார்த்திருக்கும் பக்கம்.

இதை எனக்கு உறைக்கவைத்தவர் ஒரு தாத்தா. திண்ணையில் உட்கார்ந்து ஒரு கழியைச் சீவிக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் கணு துருத்திக்கொண்டு அழகைக் கெடுக்கிறது என்று அதை இழைத்து மட்டமாக்கப் போனேன். தாத்தா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்பா, கணுவுல கத்தி வெக்காத. எலும்ப அறுத்துட்டு நடக்கச் சொன்னா நடக்குமா?" என்றார். நான் கேட்கவில்லை. கொஞ்சம்தானே என்று இழைத்தேன். மறுநாள் நாணேற்றி இழுத்தபோது, பாதி இழுப்பில் 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. குனிந்து பார்த்தேன். இழைத்த கணுவில் மயிரிழை போல ஒரு நார் எழுந்து நின்றது. அடுத்த இழுப்பில் வில் இரண்டாகப் போயிற்று. அந்த 'டிக்' ஓசையை நீங்களும் கேட்பீர்கள். கேட்ட கணமே நிறுத்திவிடுங்கள்.

வில்லின் நீளம் இழுப்பவரின் உயரம் அளவு இருந்தால் பத்திரம். நடுவில் பிடி ஒன்றரை அங்குல அகலம், நுனியை நோக்கி மெல்லக் குறைந்து முக்கால் அங்குலம். பிடிக்கு மேலும் கீழும் நான்கு விரற்கடை வளையாமல் விறைப்பாக இருக்கட்டும். மற்ற இடம் முழுவதும் சீராக வளைய வேண்டும். அதற்கு ஒரு கட்டை தேவை. மூன்றடிப் பலகையின் தலையில் வில்லின் பிடி உட்கார ஒரு பள்ளம், பலகையின் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு. நாணை ஒவ்வொரு வெட்டிலும் மாட்டி, நாலு எட்டுத் தள்ளிப் போய்ப் பாருங்கள். எந்த இடம் வளையாமல் முரண்டு பிடிக்கிறதோ அந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு அங்கே மட்டும் சீவுங்கள். அதிகம் வளைகிற இடத்தைத் தொடாதீர்கள். முதலில் சீவுளி, பிறகு அரம், கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பு. கண்ணாடி தூள் போலச் சுரண்டும், தவறு நேராது. பத்துச் சுரண்டலுக்கு ஒருமுறை வில்லை இருபது தடவை மெதுவாக வளைத்து விடுங்கள், அப்போதுதான் சீவியது வளைவில் தெரியும்.

பலத்தை அளக்கப் புளியும் தேனும் நிறுக்கும் தொங்கு தராசு போதும். நாணை அதன் கொக்கியில் மாட்டி, 28 அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். பெரியவர் தொடங்க 25 பவுண்டு, அதாவது 11 கிலோவைச் சற்றுத் தாண்டினால் போதும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 7 கிலோ, இழுப்பும் அவர்கள் கைநீளம் வரைதான். முக்கியமான விதி ஒன்று: 11 கிலோ வில் செய்கிறீர்கள் என்றால், சீவும்போது எந்தக் கட்டத்திலும் தராசு 11 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். எட்டு அங்குலம் இழுத்ததும் 11 வந்துவிட்டதா, அங்கேயே நிறுத்திச் சீவுங்கள். கடைசியில் மேல்கை கீழ்க்கையைவிடக் கால் அங்குலம் கூடுதலாக வளைய வேண்டும். வில்லைப் பிடித்த கைக்கு மேலே அம்பு போவதால் வில்லின் கீழ்க்கைக்குப் பளு அதிகம்.

*நாண்*

நம் மலைச்சரிவுகளிலும் புதர்க்காடுகளிலும் மருள் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். கத்தி போல நீண்ட இலை, வரிவரியாகப் பச்சை. ஆங்கிலத்தில் அந்தச் செடி இனத்துக்கு வில்நாண் சணல் என்றே பெயர் இருக்கிறது. இலையைத் தட்டி, அலசி, நாரைக் காயவைத்து முறுக்கினால் உறுதியான நாண் கிடைக்கும். பிள்ளைகள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். தினசரிப் பயிற்சிக்கு மெழுகு தேய்த்த பாலியஸ்டர் நூல் நல்லது. நைலான் வேண்டாம், இழுபட்டுக்கொண்டே போகும். நவீன வில்லுக்கான, கொஞ்சமும் நீளாத வகை நாணும் வேண்டாம். அதன் அடி மூங்கில் நுனியைப் பிளந்துவிடும்.

நாணேற்றிய பின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஒரு முட்டியும் நீட்டிய கட்டைவிரலும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். பழகி முடிந்ததும் நாணை இறக்கிவிடுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது வில்லைச் சுவரில் மோதி உடைப்பதற்குச் சமம், புதிதாக வருகிற எந்தப் பிள்ளையும் முதலில் செய்யும் காரியம் அதுதான். வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

*அம்பு*

நல்ல வில்லும் மோசமான அம்பும் சேர்ந்தால் மோசமான பயிற்சி. சுமாரான வில்லும் நல்ல அம்பும் சேர்ந்தால் கற்றுக்கொள்ளலாம். மூங்கில் வில்லில் அம்பு நேராக வெளியேறுவதில்லை. வில்லின் தண்டு குறுக்கே நிற்பதால், நாண் தள்ளும்போது அம்பு பாம்பு போல நெளிந்து, வில்லைச் சுற்றி வளைந்து போய், பிறகு நேராகிறது. வில்லின் பலத்துக்கு அம்பின் விறைப்பு பொருந்தவில்லை என்றால் அம்பு இடமோ வலமோ ஒதுங்கும், பிள்ளை தன் கையில்தான் குற்றம் என்று நினைத்து வாடிப்போகும்.

விறைப்பை அளக்க ஓர் எளிய வழி. 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அம்பை அதன்மேல் படுக்கவைத்து, நடுவில் 907 கிராம் (இரண்டு பவுண்டு) எடையைத் தொங்கவிடுங்கள். நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்று அங்குலத்தில் அளந்து, 26ஐ அதனால் வகுத்தால் வருவது அந்த அம்பு தாங்கும் வில்லின் பலம், பவுண்டில். ஓர் அங்குலம் தாழ்ந்தால் 26. நம் 25 பவுண்டு வில்லுக்கு அது சரி. அதிகம் தாழ்ந்தால் அம்பு இளசு. குறைவாகத் தாழ்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து மெலியவையுங்கள். எடை இரண்டு சவரனுக்கு, அதாவது 16 கிராமுக்குக் குறையக் கூடாது. அதற்கும் குறைந்த அம்பு, அம்பில்லாமல் நாண் விடுவது போல வில்லை வதைக்கும்.

அம்புக்கு மூங்கிலின் மெல்லிய பக்கக்கிளைகளை நெருப்புத் தணலில் வாட்டி நேராக்கலாம். நீளம் 30 அங்குலம் வையுங்கள். இறகு மூன்று, ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை. வான்கோழி இறகு சிறந்தது, நாட்டுச் சேவல் இறகும் போதும். பிளாஸ்டிக் இறகு இந்த வில்லுக்கு ஒத்துவராது. கைமுட்டியை உரசிப் போகும்போது இயற்கை இறகு மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் எற்றிவிட்டு அம்பைத் திசை திருப்பும். முனைக்குக் கொல்லரிடம் சொல்லிச் சின்னக் கூம்பு செய்துகொள்ளுங்கள். நாணில் மாட்டும் வெட்டான குதை பிளந்துபோகாமல் இருக்க அதன் அடியில் நூலை இறுக்கச் சுற்றி ஃபெவிகால் தடவுங்கள். ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் அம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்ட அம்பு கையைக் குத்திவிடும்.

*முதல் மூன்று மாதம்*

அறுவடை முடிந்த சாமைக் கொல்லை நல்ல களம். பின்னால் மேடான சரிவு இருக்க வேண்டும், வடக்கு தெற்காக அமைத்தால் கண்ணில் வெயில் அடிக்காது. மாடு, ஆடு ஓட்டிவரும் தடம் குறுக்கே போகக் கூடாது. வைக்கோலை இறுக்கக் கட்டிச் சாக்கில் அடைத்து இலக்கு செய்யுங்கள். இலக்குக்கு ஐந்தடி முன்னால் நின்று, எந்தப் புள்ளியும் வைக்காமல், இரண்டு வாரம் வெறும் சாக்கில் மட்டும் எய்யட்டும். குறியைப் பற்றி யோசிக்காத அந்த இரண்டு வாரத்தில்தான் கை படியும். பிறகு பத்து மீட்டர், பதினைந்து, இருபது. முப்பது மீட்டர் மூன்றாம் மாதத்தில்.

ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, அடுத்த இரண்டு விரல் கீழே. இழுத்த கை உதட்டோரத்தில் வந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இந்த முறையில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. ஏகலைவன் கதை கேட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கண்கள் விரியும். குரு கேட்டது கட்டைவிரலை, நாமோ அது இல்லாமலே எய்கிறோம்!

ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. இந்த வில் காட்டுக்குள் போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், முயலாக இருந்தாலும் பன்றியாக இருந்தாலும். வில்லோடு காட்டில் நிற்கும் பையனை வனத்துறை பிடித்தால், பழகத்தான் போனேன் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பையனால் ஊரின் களமே மூடப்படும். வில்லும் அம்பும் களத்தருகே ஒரு வீட்டில் பூட்டில் இருக்கட்டும், சாவி பெரியவர் ஒருவரிடம்.

வில்லைச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால் இந்த இயலை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். முதல் வில் உடையும், இரண்டாவதும் உடையலாம், மூன்றாவது நிற்கும். அதனால் கழியை மூன்றாகவே தேர்ந்து, இப்போதே சுண்ணாம்பால் அடையாளம் வையுங்கள். தையில் வெட்டினால் சித்திரையில் சீவலாம்.